இன்னாசியம்மாள் இல்லாமல் ஓடாது

ஆன்மேரி கம்ப்யூட்டர் படிப்பு படித்தவள் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் பாஸ் செய்தாள். சர்டிபிகேட் என்று அவளிடம் இருப்பது அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவள் புருஷன் பெனடிக்ட், தான் செய்த காரியத்துக்கெல்லாம் இதைத்தான் சாக்காகச் சொன்னான்.

சொந்த ஊர் சோழவந்தான். அம்மா இன்னாசியம்மாள் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவள். மகள் சேற்றில் இறங்கக் கூடாது என்று மதுரையில் சிஸ்டர்கள் நடத்திய ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். மகள் டைப்பிங் பாஸ் செய்ததைப் பார்த்தாள், வேலைக்குப் போனதைப் பார்த்தாள். கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு முந்தின வருடம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆன்மேரி வேலைக்குச் சேர்ந்தது தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சூடாமணி நடத்தும் டி.டி.பி. சென்டரில். இருபத்தைந்து வருடமாக அதே நாற்காலிதான், குஷன்தான் மூன்று தடவை மாறியிருக்கிறது. சூடாமணி சௌராஷ்டிர வீட்டு அம்மா. போனில் வீட்டாரோடு தன் பாஷை பேசுவாள், கஸ்டமரிடம் சிரித்துத் தமிழ் பேசுவாள், ஆன்மேரியிடம் மட்டும் கோபத்தில்தான் பேசுவாள். ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதல் கரண்டி ஆன்மேரிக்குத்தான்.

அந்தக் கடையில் அடிக்காத எழுத்து இல்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர், சர்ச் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாம் வரும். தொல்லை என்னவென்றால், அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. உள்ளே எழுத்துகள் குடியிருக்க மொத்தம் இருநூற்றைம்பத்தாறு அறை. முதல் பாதியில் இங்கிலீஷ்காரன் குடியிருந்தான். மீதியில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆட்கள் இருந்தார்கள். தலையில் கோடு வைத்த e, வாலில் கொக்கி மாட்டிய c, தொப்பி போட்ட a என்று. தமிழ் ஃபாண்ட் செய்த கம்பெனிக்காரர்கள் அவர்களைக் கிளப்பிவிட்டு, அந்த அறைகளில் நம் ககரத்தையும் கொம்பையும் சுழியையும் குடிவைத்தார்கள். அதையாவது ஒரே மாதிரி வைத்தார்களா? ஆளாளுக்கு ஒரு விதம். ஒரு ஃபாண்டில் 'க' இருக்கிற அறையில் இன்னொன்றில் 'ழு' இருக்கும். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்கார எழுத்துகள் வரிசையாக நிற்கும்.

அப்புறம் யூனிகோடு வந்தது. உலகத்திலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி தனித்தனி எண். இனி யாரும் யாரையும் கிளப்ப முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் பழைய ஃபாண்டில் அடித்து வைத்த மலைமலையான பைல்களை என்ன செய்வது? அறைக்கு அறை மாற்றினால் போதாது. பழைய முறையில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரவேண்டும், கொம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் வரவேண்டும். மாற்றத் தெரியாதவன் மாற்றினால் பக்கத்து எழுத்தின் கொம்பு நம் எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு மலர்கள் பதினேழை மறுபடி முதலிலிருந்து அடித்துக் கொடுத்தபோது ஆன்மேரிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. இந்தக் கழுதை வேலையை கம்ப்யூட்டரே செய்யாதா என்று அன்றைக்கு ஆரம்பித்தாள். யூடியூபில் தமிழில் சொல்லித்தந்த யாரோ ஒருவரைப் பார்த்துப் பைதான் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்காருவாள். குழம்பு எத்தனையோ தடவை அடிப்பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஃபாண்டுக்கும் லாங்சைஸ் நோட்டில் ஒரு பக்கம், அதில் கட்டம் கட்டமாக இருநூற்றைம்பத்தாறு அறை, எந்த அறையில் எந்த எழுத்து என்று பென்சிலில் எழுதியிருப்பாள். ஒன்பது வருடத்தில் நாற்பத்தோரு ஃபாண்ட். படித்தவர்கள் சிலர் இதைச் செய்திருக்கலாம். மதுரையில் இத்தனை சின்னப் பிரஸ்களின் அநாதை ஃபாண்ட்களைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து செய்தவள் இவள்தான்.

பெனடிக்ட் மேலூர்க்காரன். பிரிண்டர் விற்கும் கம்பெனியில் ரெப். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ஜாதி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவனே டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பான். ஒரு நாள் அவள், கடையிலேயே மத்தியான நேரத்தில் கொஞ்சம் எழுதலாமென்று இருக்கிறேன் என்றபோது தடுத்ததும் அவன்தான்.

"கடையில வச்சு எழுதாத, மேரி. நாளப்பின்ன அந்தம்மா இது எங்க கடைச் சாமானும்பாங்க. வீட்டுல வச்சு எழுது. ஊரு கெட்டுக் கெடக்கு, ஒருத்தரையும் நம்பக் கூடாது."

அவளும் கேட்டுக்கொண்டாள். கடையில் வாய் திறக்கவே இல்லை. பைலை பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோய் மாற்றிக் கொண்டுவருவாள். வீட்டில் உட்கார்ந்து அடித்துவருகிறாள் என்று சூடாமணி நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராம் ஆரம்பித்ததும் முதலில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பார்க்கும். 'இன்னாசியம்மாள், வெற்றிலைக் கொடிக்கால் வேலை, சோழவந்தான்.' இந்த வரியில் ஒற்றைக் கொம்பு இருக்கிறது, இரட்டைக் கொம்பு இருக்கிறது, ஐகாரம் இருக்கிறது, கொம்பும் காலுமான கொ, சோ இருக்கின்றன. ஆட்டம் காட்டுகிற எழுத்தெல்லாம் அம்மாவின் ஒரு வரி விலாசத்துக்குள் இருந்தன. இந்த வரி ஒழுங்காக வந்தால்தான் புரோகிராம் மேலே ஓடும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அந்தச் சோதனையை ஒரே இடத்தில் வைக்காமல் புரோகிராமின் ஒவ்வொரு பாகத்தோடும் பின்னி வைத்திருந்தாள். யாரும் திருடுவார்கள் என்று நினைத்துச் செய்யவில்லை. அம்மாவைக் கேட்காமல் ஒரு வேலையும் ஆரம்பிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெனடிக்ட்டுக்குப் புது வேலை கிடைத்தது. கே.கே.நகரில் ராஜகுரு என்பவர் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். ரெப்பாக வெயிலில் அலைந்தவனுக்கு ஏ.சி. அறை. அவனுக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தவளே ஆன்மேரிதான். 'பெனடிக்ட், மேனேஜர்' என்பதை எந்த எழுத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று ஆறு விதமாகப் போட்டுப் பார்த்தாள். கடையில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தாள். இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டின புருஷனிடம் யார் அதைக் கேட்பார்கள்?

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சூடாமணி கடையே அதிரும்படி கூப்பிட்டாள்.

"ஆன்மேரி, இங்க வாடி! உன் தலைவலிக்கு மருந்து வந்துருச்சு. பழைய பைலை எல்லாம் தானே மாத்துதாம். ஒரு மாசத்துக்கு டிரையல் குடுத்திருக்காங்க."

ஆன்மேரி எட்டிப் பார்த்தாள். நீலக் கலரில் கம்பெனி பெயர், அழகான பொத்தான்கள். சூடாமணி ஒரு பொத்தானை அமுக்கினாள். ஒரு கணம் கழித்து ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்து, கடைசியில் 'சரி' என்று காட்டியது. இன்னாசியம்மாள், வெற்றிலைக் கொடிக்கால் வேலை, சோழவந்தான். சரி.

"இது யாருடி இன்னாசியம்மா? என்னமோ விலாசம் வருது?"

"எங்கம்மா" என்றாள் ஆன்மேரி.

சூடாமணி திரும்பிப் பார்த்தாள். ஆன்மேரி இன்னும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கலரில் இருந்த கம்பெனி பெயரும் அவள் கையால் அடித்த விசிட்டிங் கார்டில் இருந்த கம்பெனி பெயரும் ஒன்று. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

சாயங்காலம் அவன் வந்ததும் வாசலிலேயே கேட்டாள். அவன் மறைக்கக்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"ஆமா, குடுத்தேன். வெளியாளுக்கா குடுத்தேன்? நான் இருக்கிற கம்பெனிக்குத்தானே குடுத்தேன். உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு, மேரி? நீ குழம்பு வச்சா நீ மட்டுமா திங்கிற?"

"யாரு செஞ்சதுன்னு சொன்னீங்க?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ஆள் வச்சுப் பண்ணுனேன்னு சொன்னேன்."

"ஆளா?"

"பின்ன? பிளஸ் டூ படிச்ச பொம்பள வீட்டுல உக்காந்து எழுதுனதுன்னா எவன் வாங்குவான்? ராஜகுரு சாரே நம்ப மாட்டாரு. உன் நல்லதுக்குத்தான்."

ஆள்! இருபது வருடம் அவனுக்குச் சோறு போட்டவள், ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த நோட்டுக்குக் கொடுத்தவள், கூலிக்கு வந்த ஆளாம். அம்மாவாவது கொடிக்காலில் கூலி வாங்கினாள். அவள் அன்றைக்கு அழவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. காய்க்காரி பதறிப்போய் எடையில் ரெண்டு கூடுதலாகப் போட்டாள். ஊரில் ஒருவரையும் நம்பாதே என்று சொன்னானே, அப்போதே தன்னைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன என்று நினைத்து நினைத்து மருகினாள்.

எல்லாவற்றையும் கேட்ட சூடாமணி, ராஜகுருவிடம் நேராகப் போய்ச் சொல்லலாம் என்றாள். அவர் எங்கள் சௌராஷ்டிர ஆள்தான், நான் பேசுகிறேன் என்றாள். ஆன்மேரி வேண்டாமென்றாள். புருஷனை நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மேல் மனசுக்குக் கோபம் என்றாலும் அடிமனசில் ஒரு நம்பிக்கை. இந்தப் பெண்களின் நம்பிக்கையை என்னவென்று சொல்வது, இடி விழுந்தால்கூட மழைக்கு அறிகுறி என்பார்கள்.

போன வருடம் ஒரு சந்தர்ப்பம் வந்தது. பிரெஞ்சு சாமியார்கள் ஆரம்பித்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம் நூற்றைம்பதாவது ஆண்டு கொண்டாடியது. அங்கே படித்தவர்கள், பாடம் சொன்னவர்கள், தலைமை தாங்கிய தந்தையர் எல்லோருடைய பெயரும் பழைய ஃபாண்டில் என்றைக்கோ அடித்து வைத்த பைல்களில் கிடந்தன. அதை யூனிகோடுக்கு மாற்றி, விழாவில் பெரிய திரையில் போட்டு, மலராகவும் அச்சடிப்பது என்று ராஜகுரு கம்பெனிக்கு வேலை கிடைத்தது. எப்படிப்பட்ட பைல் என்று யாரும் யோசிக்கவில்லை. பழைய பைலில் எது தமிழ் ஃபாண்ட், எது இங்கிலீஷ் ஃபாண்ட் என்ற தகவலே அழிந்துபோயிருந்தது. வெறும் அறை எண்கள்தான் மிச்சம். பிரெஞ்சு சாமியார்களின் பெயரில் தலைக்கோடு வைத்த e வரும். அதன் அறையும் தமிழ் எழுத்தின் அறையும் ஒன்று. பெனடிக்ட் கொண்டுபோன புரோகிராம் அந்த அறையில் எதைக் கண்டாலும் தமிழ் என்றே நினைத்தது.

மாதிரி மலரைப் பார்த்த பள்ளித் தாளாளரான சாமியார், தந்தை தனிஸ்லாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஸ்தாபகர் பெயரின் கடைசியில் ஒரு 'ஊ' முளைத்திருந்தது. இன்னொரு சாமியாருக்கு நடு வயிற்றில் 'ஞ'.

"எங்க ஸ்தாபகருக்கே நீங்க புதுசா ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களேப்பா" என்றாராம். விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. ராஜகுரு பெனடிக்ட்டைப் பார்த்தார். உங்கள் ஆளை வரச்சொல்லுங்கள் என்றார்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிடவும் இல்லை.

"மேரி, என் வேலையே போயிரும் போல இருக்கு. இந்த ஒரு தடவ பாத்துக் குடு. எம்புட்டு நேரம் ஆகும்?"

அவள் பைலைத் திறந்து பார்த்தாள். பார்த்ததுமே வழி தெரிந்துவிட்டது. ஓர் எழுத்து யாரென்று தெரியவில்லையா, அக்கம்பக்கத்து வீட்டைப் பார். இரண்டு பக்கமும் இங்கிலீஷ் எழுத்து இருந்தால் நடுவில் இருப்பது பிரெஞ்சுக்காரன். இரண்டு பக்கமும் தமிழ் இருந்தால் நம்மாள். இரண்டும் கலந்திருந்தால் கையால் பார்க்க வேண்டும். மொத்தம் முந்நூறு, நானூறு பெயர் கையால் பார்க்கவேண்டி வரும். மூன்று நாள் வேலை.

"செய்யிறேன். ஆனா ஒண்ணு" என்றாள். "மேடையில உங்களைக் கூப்புடுவாங்கள்ல. மைக்கைப் பிடிச்சு, இதைச் செஞ்சது என் சம்சாரம் ஆன்மேரின்னு ஒரு வாட்டி சொல்லணும். ஒரே ஒரு வாட்டி. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"இது ஒரு பெரிய விஷயமா? சொல்றேன்."

"அப்படிச் சொன்னா ஆகாது."

அவன் எழுந்து போய் மாதா சுரூபத்தின் காலில் கை வைத்தான். "மாதா மேல சத்தியமா சொல்றேன். போதுமா?"

போதும் என்று அவள் நினைத்தாள். மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்தாள். செத்துப்போன சாமியார்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தலைக்கோடும் கொக்கியும் வைத்து எழுப்பி உட்கார வைத்தாள். அவர்களிடம் பாடம் படித்த பிள்ளைகளின் பெயர்களையும் பார்த்தாள். ஒரு பெயர்கூட தப்பாகப் போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி. எத்தனை பேருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பதே அந்தப் பெயர் ஒன்றுதான்.

விழா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஆன்மேரி கல்யாண நாளுக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். விஷயம் தெரிந்து சூடாமணியும் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். ஆறாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். திரையில் பெயர்கள் ஓடின. ஸ்தாபகர் பெயர் தலைக்கோட்டோடு வந்தபோது தந்தை தனிஸ்லாஸ் எழுந்து நின்று கைதட்டினார். அரங்கமே தட்டியது. தாத்தா பெயரைக் கண்ட ஒரு பெரியவர் முன்வரிசையில் விசும்பினார். ஆன்மேரி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ராஜகுரு பேசினார். அவர் மேல் குற்றம் இல்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். "இந்த வேலைக்கு மூளையா இருந்தவர் எங்க மேனேஜர் பெனடிக்ட். அவரையே பேசச் சொல்றேன்."

பெனடிக்ட் மைக்கைப் பிடித்தான். கூட்டத்தில் கண்ணை ஓட்டி அவளைத் தேடினான், கண்டும் பிடித்தான். அவள் தலையை லேசாக ஆட்டினாள், சொல்லுங்க என்பது போல.

அவன் ஆண்டவருக்கு நன்றி சொன்னான். தாளாளருக்குச் சொன்னான், ராஜகுருவுக்குச் சொன்னான், இரவு பகலாக உழைத்த எங்கள் டீமுக்கு என்றான். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீட்டுல எனக்கு எந்தத் தொந்தரவும் குடுக்காம, ஒத்துழைச்ச என் மனைவிக்கும் நன்றி. இங்கதான் உக்காந்திருக்காங்க" என்று ஆறாவது வரிசையைக் காட்டினான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த ஓர் அம்மா, "எந்திரிங்க, எந்திரிச்சு கும்புடுங்க" என்று முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். ஆன்மேரி எழுந்தாள், கும்பிட்டாள், உட்கார்ந்தாள். மேடையில் பெனடிக்ட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையாடி வச்சிருக்க?" சூடாமணி காதோரம் சீறினாள். "அங்கனயே கேக்க வேண்டியதுதானே? நான் போய்க் கேக்கவா?"

"வேணாம்க்கா."

கூட்டம் கலைந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனது. வண்டிகள் நிறுத்திய இடத்தில், வேப்ப மரத்தடியில் ஆன்மேரி சூடாமணியோடு நின்றுகொண்டிருந்தாள். பெனடிக்ட் வேகமாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு, தோளில் சரிகை போட்ட சால்வை.

"பாத்தியா, சொல்லிட்டேன்ல? எல்லாரும் எப்படிக் கை தட்டுனாங்க!"

"பேரையா சொன்னீங்க?"

அவன் வண்டிச் சாவியைத் தேடினான். ராஜகுரு பக்கத்தில் நின்றிருந்தார், அந்த நேரத்தில் வரவில்லை, இன்னொரு சந்தர்ப்பத்தில் பார்க்கலாம் என்று ஏதேதோ முணுமுணுத்தான். பிறகு சட்டென்று சால்வையை எடுத்து உதறி அவள் தோளில் போர்த்தினான். ரொம்பப் பெரிய மனசோடுதான் போர்த்தினான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இது உனக்குத்தான், மேரி. எனக்குத் தெரியாதா? நமக்குள்ள என்ன?"

ஆன்மேரி சால்வையை இறக்கினாள். நாலாக மடித்தாள். அவன் வண்டி சீட்டின் மேல் வைத்தாள்.

"வீட்டுல போத்திக்கிறதுக்கு எங்கிட்ட போர்வை இருக்கு" என்றாள். "இதை அங்கன மேடையில வச்சு போத்தியிருக்கணும்."

பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று சூடாமணியிடம் கேட்டுக்கொண்டு நடந்தாள்.